குளக்கட்டு உயர்ந்தது, குடிமனைக்குக் காவல் எங்கே?

வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும் என்பது எம் முதியோர் வாக்கு. வன்னி மக்கள் அவ்வாக்கை மறந்தவரல்லர். காடு வெட்டிக் குளம் கட்டி, குளத்தை நம்பி வயல் செய்து வாழ்ந்த மக்கள் அவர்கள். ஆனால், அணை கோலிய பின்னர் அவ்வணையின் கீழே எவ்விடத்தில் வீடு கட்டலாம், எவ்விடத்திற் கட்டலாகாது என்பதைத் தீர்மானிப்பவர் யார்? இவ்வினாவுக்குத் தெளிவான விடை காணாது இன்னுமொரு மாரியை எதிர்கொள்வது அறிவுடைமையாகாது.

இரணைமடுவை எடுத்துக்கொள்வோம். கனகராயன் ஆற்றை மறித்து 1902ஆம் ஆண்டில் இக்குளத்தின் வேலை தொடங்கியது. இருபதினாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட வயல்கள் இன்று இதன் நீரை நம்பியுள்ளன. கிளிநொச்சிப் பட்டினமே இக்குளத்தின் பிள்ளை என்று கூறின் அது மிகையன்று. அண்மையில் சர்வதேசக் கடனுதவியுடன் குளக்கட்டு திருத்தப்பெற்று, நீர்மட்டம் 34 அடியிலிருந்து 36 அடியாக உயர்த்தப்பட்டது. கொள்ளளவு 131 மில்லியன் கனமீற்றரிலிருந்து 148 மில்லியன் கனமீற்றராயிற்று. 2018 டிசெம்பர் 7ஆம் நாள் அன்றைய சனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதனைத் திறந்துவைத்தார்.

அதன்பின் இரு வாரங்களே கழிந்தன. டிசெம்பர் 21ஆம் நாளிரவு பெருமழை கொட்டியது. குளம் நிரம்பி வான்கதவுகள் திறக்கப்பட்டன. முரசுமோட்டை, கண்டாவளை, பன்னங்கண்டி முதலிய ஊர்கள் வெள்ளக்காடாயின. விழா மாலைகள் வாடுமுன்னரே மக்கள் பாயுஞ் சட்டியுமாய்ப் பாடசாலைகளில் ஒதுங்க நேர்ந்தது. கதவுகளைத் திறப்பதில் தாமதம் நேர்ந்ததா என்ற வினா எழுந்தது. விசாரணைக் குழுவும் நியமிக்கப்பட்டது.

எவர்மீது பிழை என்று தீர்ப்புக் கூறுவது எமது நோக்கமன்று. நாம் சுட்டிக்காட்ட விரும்புவது வேறொன்று. அன்றிரவு குளக்கட்டு உடையவில்லை. கட்டு தன் கடமையைச் செய்தது. எனினும் வீடுகள் மூழ்கின. ஏன்? குளக்கட்டு காப்பது குளத்து நீரையே. கீழேயுள்ள வீட்டை அன்று. நிரம்பிய குளத்துக்கு மேலதிகமாக வரும் நீர் வான் பாய்ந்தே ஆகவேண்டும். கனகராயன் ஆற்றின் பழைய வழியே சுண்டிக்குளக் கடல்நீரேரியை நாடி அது ஓடியே தீரும். அவ்வழியில் வீடு நின்றால், வீட்டுக்குள்ளும் நீர் புகும். இதனை யாரே மறுப்பர்?

கதவடியில் நிற்கும் பொறியியலாளரின் நிலையைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். முன்னரே திறந்துவிட்டு மழை பொய்த்தால், சிறுபோகத்துக்குத் தண்ணீரில்லை என்று கமக்காரர் கேட்பர். பொறுத்திருந்து மழை பெருகினால், எம் வீட்டை மூழ்கடித்தீர் என்று குடிமக்கள் கேட்பர். இரு கேள்வியும் நியாயமானவையே. வானுக்குக் கீழே தாழ்நிலத்தில் எழும் ஒவ்வொரு புதிய வீடும் அவர் கையை மேலும் கட்டிவிடுகிறது. வீடுகள் பெருகப் பெருகக் குளத்தை நிரப்ப அஞ்ச வேண்டியதாகும். பெரும் பணஞ் செலவிட்டு உயர்த்திய இரண்டடி நீரையும் வீட்டுக்குப் பயந்து வெறுமே கடலுக்கு விட நேரும். ஆகவே, எவ்விடத்தில் வீடு கட்டுவது என்பது பட்டினத்தாரின் காரியம் மட்டுமன்று. நெல் விளைவிக்கும் கமக்காரனின் காரியமும் அதுவே.

நிற்க. இது வன்னிக்கு மட்டும் உரிய துன்பமன்று. 2015 டிசெம்பரில் சென்னையில் நடந்ததை உலகமறியும். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. ஆற்றங்கரையையும் பழைய ஏரிகளையும் மேவி எழுந்த குடியிருப்புகள் நீரில் அமிழ்ந்தன. அது மனிதரால் விளைந்த பேரிடர் என்று இந்தியக் கணக்காய்வுத் தலைவரின் அறிக்கை பின்னர் கூறிற்று. ஏரியைத் தூர்த்து வீடு கட்டினோர் ஏரிக்குள்ளேயே குடியிருந்ததை அன்று உணர்ந்தனர்.

அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலம் வேறொரு வழியைக் கண்டது. அங்கே சக்கரமெந்தோ, சான் வோக்கீன் ஆறுகளின் கரைகளை உயர்த்த உயர்த்த, அக்கரைகளை நம்பி மக்கள் தாழ்நிலத்தில் மேலும் மேலும் வீடு கட்டினர். 2005இல் நியூ ஓர்லியன்ஸ் நகரத்தின் கரைகள் உடைந்து நகரமே மூழ்கியது கண்டு, 2007இல் அம்மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. இருநூறு ஆண்டு வெள்ளத்துக்கு ஏற்ற பாதுகாப்பு இருத்தல் வேண்டும்; அன்றேல் அதனை அடைவதற்கான வேலை தக்கபடி நடைபெறுதல் வேண்டும். இரண்டும் இல்லாத இடத்தில் புதிய நகரக் குடியிருப்புக்கு அனுமதி இல்லை. இருநூறு ஆண்டு வெள்ளம் என்பது இருநூறு ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் வருவதன்று. எந்த ஓர் ஆண்டிலும் இருநூற்றில் ஒரு பங்கு வாய்ப்புடன் வரக்கூடியது. இவ்வாண்டு வந்தது அடுத்த ஆண்டும் வரலாம்.

எமது நாட்டிலும் சட்டம் இல்லாமலில்லை. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம், அனுமதியின்றி வயற்காணியை நிரப்புவதைத் தடுக்கிறது. சட்டம் ஏட்டில் உறங்க, கிரவல் ஏற்றிய லொறிகள் விழித்திருந்தால் பயனென்ன? ஒரு காணியை நிரப்பினால் அதிலிருந்த நீர் அயற்காணிக்குப் போகும். ஒரு கழிவு வாய்க்காலை அடைத்தால் ஒரு வட்டாரமே குளமாகும். சிறு குளங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொடுத்து நிற்கும் வவுனியாவில் ஒரு குளத்தின் அலைகரையைப் பிடித்தால், அதன் தண்டனை அடுத்த குளத்தின் கீழுள்ளவனுக்குச் சேரும்.

ஆயினும், தாழ்நிலத்திற் குடியேறிய ஏழைமீது பழி சுமத்துவதை நாம் ஒப்பமாட்டோம். போரால் இடம்பெயர்ந்து 2009க்குப் பின் திரும்பி வந்தவன் கண்ட காட்சி என்ன? மேட்டுக் காணிகள் பல வன இலாகாவின் எல்லைக்கல்லுக்குள்ளும் படையினரின் வேலிக்குள்ளும் கிடந்தன. எஞ்சியது பள்ளம். பள்ளத்தில் வீடு கட்டியது அவன் பேராசையன்று, வேறிடமின்மை. மேட்டை அடைத்து வைத்துக்கொண்டு, பள்ளத்தில் ஏன் இருக்கிறாய் என்று கேட்பது எந்த நியாயம்?

ஆதலின் நாம் வேண்டுவன நான்கு. முதலாவது, இரணைமடு வானிலிருந்து சுண்டிக்குளம் வரை 2018இல் வெள்ளம் எட்டிய எல்லையை அளந்து, தமிழில் வரைபடமாக்கி, ஒவ்வொரு கிராம அலுவலர் அலுவலகத்திலும் தொங்கவிடல் வேண்டும். வன்னியின் ஏனைய பெருங்குளங்களுக்கும் அவ்வாறே செய்தல் வேண்டும். இரண்டாவது, அவ்வெல்லைக்குள் புதிய குடியிருப்புத் திட்டம் எதற்கும் நீர்ப்பாசனத் திணைக்களமும் கமக்காரர் அமைப்பும் சம்மதியாமல் பிரதேச சபை அனுமதி வழங்கலாகாது. தனி வீடாயின், வெள்ளக் குறிக்கு மேலே அத்திவாரமும், நீர் கழியப் போதிய மதகும் கட்டாயமாதல் வேண்டும். மூன்றாவது, எந்த நீர்மட்டத்தில், எத்துணை மழை எதிர்பார்க்கப்படும்போது எந்தக் கதவு திறக்கப்படும் என்ற விதியை மாரிக்கு முன்னரே எழுதி வெளியிடல் வேண்டும். பின்னர் ஒருவரையொருவர் குற்றஞ்சாட்ட இடமிராது. நான்காவது, இப்போது பள்ளத்தில் இருப்போர்க்கு அரசாங்கம் மேட்டுக் காணி வழங்குதல் வேண்டும். காணி கொடாமல் எவரையும் எழுப்பலாகாது.

இவற்றுக்குப் பெரும் பணம் தேவையில்லை, மனமே தேவை. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளி நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. மாவிலாற்றின் கட்டு உடைப்பெடுத்தது. அத்தகைய மழை கனகராயன் ஆற்றின் நீரேந்து பிரதேசத்தில் நின்று பெய்யாது என்று எவர் உறுதி கூறுவர்?

பட்டினத்திலுள்ள கற்றோரும் வயலிலுள்ள கமக்காரரும் இவ்விடயத்தில் இரு கட்சியாதல் வேண்டாம். குளம் நிரம்ப வேண்டும். வீடும் நனையாதிருத்தல் வேண்டும். இவ்விரண்டும் ஒருங்கே நிறைவேற வேண்டுமாயின், அடுத்த வீட்டின் அத்திவாரக் கல் வைக்குமுன் ஒருவரோடொருவர் கூடிப் பேசியாக வேண்டும். வெள்ளத்தின் நடுவே பேசிப் பயனில்லை.