குளோன் என்னும் முழுப்பிரதி

பவானிபூரில் பல்லாண்டுகளாகக் குடியிருக்கும் நம் சங்கத்து அன்பர் ஒருவர் இம்மாதம் ஒரு வினா விடுத்திருக்கிறார். கணினிக் கல்வி பயிலும் அவருடைய மகள், “அந்த நிரலைக் குளோன் எடுத்துவிட்டேன், அப்பா” என்கிறாளாம். “பிரதி எடுத்தேன் என்றால் போதாதா? இதற்கு ஏன் தனிப்பெயர்?” என்பது அன்பரின் ஐயம். நியாயமான ஐயமே. பிள்ளைகள் பலர் இத்துறையில் புகும் இந்நாளில், பெற்றோரும் இதனை ஓரளவு அறிந்திருத்தல் நலம்.

ரயில்வே உத்தியோகத்தில் இருப்போர்க்கு இதை விளக்குதல் எளிது. எங்களுக்குப் பொது விதிகளும் துணை விதிகளும் அடங்கிய புத்தகம் உண்டு. விதியொன்று மாறும்போதெல்லாம் புத்தகத்தைப் புதிதாக அச்சிடுவதில்லை. எண்ணும் தேதியும் இட்ட திருத்தச் சீட்டு வரும். அதனை உரிய பக்கத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒழுங்காக ஒட்டிய புத்தகத்தில் இன்றைய விதியும் தெரியும், அது என்று மாறிற்று என்பதும் தெரியும். இன்றைய விதியை மட்டும் வெள்ளைத்தாளில் எழுதி எடுத்துப்போகிறவருக்கு அன்றைய வேலை நடந்துவிடும். ஆனால் முன்னர் விதி எவ்வாறிருந்தது என்று பிறகு விசாரணை வந்தால் அவர் கையை விரிக்க வேண்டியதுதான்.

கிட் என்னும் பதிப்புக் கட்டுப்பாட்டு முறையில், குளோன் என்பது சீட்டுகள் அத்தனையும் ஒட்டிய புத்தகம். ஜிப் கோப்பாக இறக்கிக்கொள்வது வெள்ளைத்தாள் நகல். ‘கிட் குளோன்’ என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, களஞ்சியத்தின் முகவரியை இட்டால், நிரல் தொடங்கிய நாள் முதல் யார், எத்தேதியில், எவ்வரியை மாற்றினார், அதற்கு என்ன காரணம் எழுதிவைத்தார் என்ற வரலாறு முழுவதும் நம் கணினிக்கு வந்து சேர்கிறது. ஒவ்வொரு பதிவுக்கும் பொதுவாக 40 எழுத்து நீளமுள்ள அடையாளக் குறி ஒன்று உண்டு. அப்பதிவின் உள்ளடக்கத்தையும் முந்திய பதிவின் குறியையும் கொண்டு அது கணக்கிடப்படுகிறது. ஆகையால் பழைய பதிவொன்றில் ஓர் எழுத்தைத் திருத்தினாலும் அதன் குறியும், பின்வரும் குறிகள் யாவும் மாறிப்போகும். பிறர் கையிலுள்ள குளோனோடு ஒப்பிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

நம் ஏட்டுச்சுவடிகளுக்கு இவ்வசதி வாய்க்கவில்லை. உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றுமுன், பிரதி பிரதியாகத் தேடித் தொகுத்து ஒப்பிட வேண்டியிருந்தது. ஒரு சுவடியில் ஒரு சொல் இருக்கும், மற்றொன்றில் வேறொரு சொல் இருக்கும். எந்தக் கை எப்போது மாற்றிற்று என்பதை ஓலை சொல்லாது.

கிட்டைப் படைத்தவர் லினக்ஸ் புகழ் லினஸ் டோர்வால்ட்ஸ். லினக்ஸ் நிரலைக் காத்துவந்த பிட்கீப்பர் என்னும் மென்பொருளின் இலவச உரிமை நின்றுபோகவே, 2005 ஏப்ரலில் அவர் இதனை எழுதத் தொடங்கினார். அதற்குமுன் பரவலாயிருந்த சிவிஎஸ், சப்வர்ஷன் ஆகிய முறைகளில் வரலாறு ஒரே சர்வரில் இருக்கும். உழைப்போர் கையில் இருப்பது வேலைக்கு வேண்டிய பக்கங்களே. 2020 மே 20 அன்று அம்பன் புயல் அடித்தபின், கொல்கத்தாவில் பல பேட்டைகள் நாட்கணக்கில் மின்சாரமும் இணையமும் இன்றிக் கிடந்ததை நாம் மறக்கவில்லை. அத்தகைய நாளிலும், குளோன் வைத்திருப்பவர் மடிக்கணினியின் மின்கலம் தாங்கும்வரை பழைய பதிவுகளைப் புரட்டலாம், ஒப்பிடலாம், புதிய பதிவும் செய்யலாம். இணைப்பு வந்தபின் அனுப்பிக்கொள்ளலாம்.

எனினும், பிரதிகள் பல இருந்துவிட்டால் அச்சமில்லை என்று எண்ணிவிடலாகாது. கேடிஇ என்னும் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தார்க்கு 2013 மார்ச்சில் நேர்ந்ததைக் கேளுங்கள். அவர்களுடைய மூல சர்வரில் கோப்பமைப்பு பழுதுற்றது. ஏறத்தாழ 1,500 களஞ்சியங்கள் அங்கிருந்தன. பிரதி சர்வர்கள் பல உண்டு. ஆயினும் மூலத்தை அடியொற்றி நடக்குமாறு அவற்றை அமைத்திருந்தமையால், அங்கே கெட்டது இங்கும் கெட்டது. புதிதாக நிறுவியிருந்த ஒரு சர்வரில் நல்ல பிரதி தப்பியிருந்தது. அதனாலேயே எல்லாம் மீண்டன. கேடிஇ போன்ற அனுபவசாலிகளுக்கே இக்கதி!

வீட்டிலுள்ள குளோன் அவ்வாறு தானாக எதையும் பின்பற்றாது. ‘கிட் ஃபெட்ச்’ என்று நாம் கட்டளையிட்டால்தான் மூலத்திற் புதிதாகச் சேர்ந்ததைக் கொண்டுவரும். மாதக்கணக்கில் அக்கட்டளை இடாவிட்டால் அது சீட்டு ஒட்டாத விதிப்புத்தகமாய்க் கிடக்கும். வாரம் ஒருமுறை ஃபெட்ச் செய்யுமாறு பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள். கல்லூரி இறுதியாண்டு வேலை மடிக்கணினி ஒன்றில் மட்டும் இருந்தால், பென் டிரைவில் ஒரு குளோன் எடுத்து வீட்டு அலமாரியில் வைக்கச் சொல்லுங்கள். இதற்கு இணையமும் வேண்டியதில்லை. கணினியிலுள்ள கோப்புறையின் பெயரையே முகவரியாக இடலாம். பதிவு செய்யாத வேலை குளோனில் வராது என்பதை மட்டும் நினைவிற்கொள்ள வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. வரலாறு முழுவதும் வருவதால், என்றோ ஒருநாள் கடவுச்சொல்லை நிரலில் எழுதிப் பதிவுசெய்து, மறுநாள் அழித்திருந்தாலும், அது ஒவ்வொரு குளோனிலும் இருக்கும். அத்தகைய கடவுச்சொல்லை உடனே மாற்றிவிடுவதே வழி.

பழகிப்பார்க்க விரும்பும் பிள்ளைகளுக்கு நம் மொழியிலேயே நல்ல களஞ்சியம் இருக்கிறது. எழில் என்னும் தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலை முதலானோர், தமிழ் எழுத்துக்களைக் கையாள உதவும் ‘ஓப்பன் தமிழ்’ என்னும் நிரற்றொகுப்பைக் கிட்ஹப் தளத்தில் யாவரும் எடுத்துக்கொள்ள வைத்துள்ளனர். அதைக் குளோன் எடுத்து, ‘கிட் லாக்’ என்று தட்டினால், யார் யார் எப்போது உழைத்தனர் என்பது தேதிவாரியாகத் திரையில் ஓடும்.

மூல நிரலைக் கெடுக்காமல் நம் திருத்தங்களைக் கிளையாகப் பிரித்து வைப்பது எவ்வாறு என்பதை அடுத்த இதழில் எழுதுகிறேன்.