தனியே தேறுவார் என்னும் கற்பனை

இலங்கையில் எம்.பி.பி.எஸ். முடித்தவர் ஓராண்டு உள்ளகப் பயிற்சி பெறுகிறார். ஆறு மாதம் ஒரு துறையிலும் ஆறு மாதம் இன்னொன்றிலும் வேலை. இரண்டிலும் அவருக்கு மேலே ஒரு நிபுணர் இருப்பார். பயிற்சி முடிந்ததும் மருத்துவப் பேரவையில் முழுப் பதிவு, பிறகு நியமனம். அந்த நியமனம் வில்கமுவவுக்கும் வரலாம். மாத்தளை மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், நக்கிள்ஸ் மலைத்தொடருக்கு அப்பால், வஸ்கமுவ தேசியப் பூங்காவை அண்டிக் கிடக்கும் வயல் நாடு அது. நேற்றுவரை ஒவ்வொரு மருந்தையும் மேலே கேட்டு எழுதியவர், இன்று இரவுக் கடமையில் கேட்க ஆளில்லாமல் நிற்கிறார். இதற்கு அதிகாரிகளும் மூத்த வைத்தியர்களும் ஊர்மக்களும் சொல்லும் சமாதானம் ஒன்றுதான்: போய் வேலை செய்தால் தானாக வந்துவிடும், அனுபவத்தை விடப் பெரிய ஆசான் யார்?

இந்த நம்பிக்கை பிழையானது. பிழை என்பதற்குச் சான்றும் உண்டு. வைத்தியரின் அனுபவ ஆண்டுகளுக்கும் சிகிச்சையின் தரத்துக்கும் உள்ள தொடர்பை அளந்த 62 ஆய்வுகளைத் தொகுத்து, சௌத்ரியும் அவருடைய சகாக்களும் 2005இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அவற்றில் பாதிக்குச் சற்று மேற்பட்டவை, ஆண்டுகள் கூடக்கூடத் தரம் எல்லா அளவீடுகளிலும் குறைந்ததாகக் காட்டின. மூத்தவர்கள் திறமையற்றவர்கள் என்று இதற்குப் பொருளில்லை. ஆண்டுகள் ஓடுவதும் கற்பதும் ஒன்றல்ல என்பதே இதன் பொருள். எடுத்த முடிவு சரியா பிழையா என்பது எடுத்தவருக்குத் திரும்பத் தெரிந்தால்தான் அனுபவம் பாடமாகும். தெரியாவிட்டால் அது இருட்டில் அம்பெய்து பழகுவது போன்றது. ஆயிரம் அம்பு எய்தாலும் குறி தேறாது.

வில்கமுவ போன்ற இடத்தில் அந்த இருட்டு எவ்வளவு அடர்த்தியானது என்பதற்குக் கட்டுவிரியன் கடி ஓர் உதாரணம். இந்தப் பாம்பு பெரும்பாலும் இரவில், தரையில் படுத்துறங்குபவரைக் கடிக்கிறது. கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ இல்லாதிருக்கலாம். பல்லடையாளமே தெரியாமலும் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி என்று நோயாளி வருகிறார். இமைகள் சரிவதும் மூச்சுத் தசைகள் செயலிழப்பதும் பிறகுதான். விவசாயக் கிராமத்திலிருந்து அதிகாலையில் வயிற்றுவலியோடு வருபவரின் கண்ணிமையைப் பார்க்க வேண்டும் என்பதை ஒரு மூத்தவர் அரை நிமிடத்தில் சொல்லிவிடலாம். அனுபவம் அதைச் சொல்லித்தர ஓர் உயிர் போக வேண்டியிருக்கும். அப்போதும் பாடம் வந்து சேரும் என்ற உறுதியில்லை. நோயாளி பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பப்படுகிறார். அங்கே எழுதப்படும் நோய் நிர்ணய அட்டை அவர் கையில் கொடுக்கப்படுகிறது. முதலில் பார்த்த வைத்தியரிடம் அந்த அட்டை வந்து சேர்வது அபூர்வம். தான் நினைத்தது வயிற்றுப்புண், உண்மையில் இருந்தது பாம்பு விஷம் என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாமலே போகலாம்.

சிறுநீரக நோயில் நிலைமை இன்னும் மோசம். காரணம் உறுதியாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் 1990களில் வடமத்திய மாகாணத்தில் கவனத்துக்கு வந்தது. அம்மாகாணத்துக்கு வெளியே பாதிப்பு மிகுந்த பிரிவுகளில் வில்கமுவவும் ஒன்று. ஆரம்ப நிலையில் இந்நோய்க்கு அறிகுறியே இராது. முதுகுவலியோடு வரும் விவசாயிக்கு டைக்ளோஃபெனாக் என்னும் வலிநிவாரணி மாத்திரை கொடுத்தால் வலி போகிறது, அவரும் நன்றி சொல்லிவிட்டுப் போகிறார். அந்த மாத்திரை ஏற்கெனவே பழுதான சிறுநீரகத்தை மேலும் கெடுத்திருந்தால் அது வெளிப்பட ஆண்டுகள் ஆகும். அதற்குள் வைத்தியர் இடமாற்றம் பெற்றிருப்பார். இங்கே அனுபவம் கற்பிக்காமல் விட்டதோடு நிற்கவில்லை, பிழையான பாடத்தைப் பாராட்டோடு சேர்த்துக் கற்பித்திருக்கிறது.

எளிய பரிசோதனைகளும் இதற்கு விலக்கல்ல. கண்ணாடி விரியன் கடித்தவரின் இரத்தம் உறைகிறதா என்று பார்க்க, சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாயில் சிறிதளவு இரத்தத்தை 20 நிமிடம் அசையாமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். யாரும் செய்யக்கூடியது என்றே தோன்றும். ஆனால் குழாயைச் சவர்க்காரத்தால் கழுவியிருந்தாலோ, கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் குழாயை எடுத்தாலோ, இடையில் ஒருமுறை ஆட்டினாலோ முடிவு மாறிவிடும். இலங்கை வைத்தியசாலை ஒன்றின் வழக்கமான நடைமுறையில் செய்யப்பட்ட இச்சோதனையை ஆராய்ந்து 2013இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. உறைதல் கெட்டிருந்தவர்களில் பத்துக்கு நால்வரை மட்டுமே சோதனை காட்டிக்கொடுத்திருந்தது. முறையாகப் பயிற்றுவிக்கப்பட்டவர்கள் செய்த பிந்திய ஆய்வில் அந்த விகிதம் வெகுவாக உயர்ந்தது. சோதனை அதேதான், பக்கத்தில் நின்று திருத்த ஆள் இருந்ததா என்பதே வேறுபாடு.

இவ்வளவும் சொன்னபின், மூத்தவர் இருந்தாலே போதும் என்று முடித்துவிடுவதும் அதே மூடநம்பிக்கையின் மறுபாதிதான். பாம்பு விஷமுறி மருந்து இலங்கையில் அடிக்கடி கடுமையான ஒவ்வாமையை உண்டாக்குகிறது. அதைத் தடுக்க ஹைட்ரோகார்ட்டிசோனும் ப்ரோமெதசினும் முன்கூட்டியே போடும் வழக்கம் இருந்தது. விடுதி விடுதியாக, மூத்தவரிடமிருந்து இளையவருக்கு வந்த வழக்கம் அது. அசித டி சில்வாவும் சக ஆய்வாளர்களும் 1,007 நோயாளிகளிடம் நடத்தி 2011இல் வெளியிட்ட சோதனை அந்த இரண்டு மருந்துகளாலும் பயனில்லை என்று காட்டியது. பயன் தந்தது தோலுக்கடியில் போடும் 0.25 மில்லிகிராம் அட்ரினலின். முதல் ஒரு மணி நேரத்தில் கடுமையான ஒவ்வாமை 43 சதவீதம் குறைந்தது. ஹைட்ரோகார்ட்டிசோனைச் சேர்த்துக் கொடுத்தபோது அந்தப் பயனும் இல்லாமல் போனது. அத்தனை விடுதிகளின் அத்தனை ஆண்டு அனுபவத்தால் இதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆகவே வழிகாட்டி என்பவர் தன் பழக்கத்தைக் கைமாற்றுபவராக இருந்தால் போதாது. தன் பழக்கத்தையும் சான்றின் முன் வைக்கத் துணிந்தவராக இருக்க வேண்டும்.

அனுபவவாதிகள் அடுத்து நாடுவது வயதுவந்தோர் கல்விக் கோட்பாட்டை. பெரியவர்கள் தாமாகவே கற்பார்கள், அவர்களுக்கு ஆசிரியர் வேண்டாம் என்று கல்வியாளர் மால்கம் நோல்ஸ் சொன்னதாகப் பயிற்சிப் பட்டறைகளில் ஒரு கதை உலவுகிறது. நோல்ஸ் சொன்னது, பெரியவர் தமக்கு எது தேவை என்பதைத் தீர்மானிப்பதில் பங்குகொள்வார், கையிலுள்ள பிரச்சினையோடு இணைந்ததை விரைவில் கற்பார் என்பது. அவர் ஆசிரியரை நீக்கவில்லை. ஆசிரியருடைய வேலையை மாற்றினார். 1970இல் சிறுவர் கல்விக்கு எதிராக நிறுத்திய வயதுவந்தோர் கல்வியை, 1980ஆம் ஆண்டுப் பதிப்பில் அதன் தொடர்ச்சியாகவே காட்டினார். அனுபவவழிக் கற்றலைப் பற்றிய டேவிட் கோல்பின் 1984ஆம் ஆண்டு நூலுக்கும் இதே கதிதான். அவருடைய கற்றல் சுழற்சியில் அனுபவம் ஒரு படி; அதைத் திரும்பிப் பார்ப்பதும், அதிலிருந்து கருத்தை வடிப்பதும், மறுபடி சோதிப்பதும் மற்ற மூன்று. முதல் படியை மட்டும் பெயர்த்தெடுத்துப் பழமொழியோடு ஒட்டியாயிற்று.

வைத்தியர் தன் குறையைத் தானே அறிவார் என்பதும் கேள்விக்குரியதே. வைத்தியர்களின் சுயமதிப்பீட்டைப் புறமதிப்பீட்டோடு ஒப்பிட்ட ஆய்வுகளை டேவிஸ் குழுவினர் 2006இல் தொகுத்தனர். 20 ஒப்பீடுகளில் 13இல் இரண்டும் பொருந்தவில்லை, அல்லது நேர்மாறாக இருந்தன. தம்மை மிகவும் தவறாகக் கணித்தவர்களில் திறன் குறைந்தவர்களும், தம்மீது அதிக நம்பிக்கை கொண்டவர்களும் இருந்தனர். இரவு இரண்டு மணிக்கு யாரையாவது கேட்க வேண்டுமா என்ற முடிவை இவர்களிடமே விட்டுவைப்பதுதான் இன்றைய ஏற்பாடு.

வார்டு சுற்றில் எல்லோர் முன்னிலையிலும் ஏசுவதை வழிகாட்டல் என்று எண்ணும் பழக்கமும் இங்கே சேர்த்துச் சொல்லத்தக்கது. ஏச்சு வாங்கியவர் அடுத்தமுறை கேள்வியை மறைக்கக் கற்றுக்கொள்கிறார். நாங்களும் ஏச்சு வாங்கித்தான் வந்தோம் என்பவர்கள், ஏச்சுக்கு நடுவே யாரோ ஒருவர் அருகிருந்து கைபிடித்துக் காட்டியதை மறந்துவிடுகிறார்கள். இந்தத் தீவில் தமிழர் மேலைமருத்துவம் பயின்ற தொடக்ககாலமும் அப்படி அருகிருந்து கற்றதுதான். அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் 1848 முதல் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மாணவர்களைத் தம் வைத்தியசாலையிலேயே வைத்துப் பயிற்றினார். பின்னர் தமிழிலேயே கற்பித்தார். அப்படி உருவானவர்கள் அறுபதுக்கும் மேற்பட்டோர்.

இப்படி வழிகாட்டுவதற்குத் தூரம் தடையல்ல. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் சஞ்சீவ் அரோரா 2003இல் தொடங்கிய எக்கோ திட்டத்தில், கல்லீரல் அழற்சி சி நோய்க்குச் சிகிச்சையளித்த கிராம வைத்தியர்களும் சிறைச்சாலை வைத்தியர்களும் காணொளி வழியே பல்கலைக்கழக நிபுணர்களோடு தம் நோயாளிகளைப் பற்றித் தொடர்ந்து கலந்து பேசினர். 2011இல் வெளியான முடிவில் 407 நோயாளிகள் ஒப்பிடப்பட்டனர். பல்கலைக்கழகத்தில் குணமானோர் 57.5 சதவீதம், கிராமங்களிலும் சிறைகளிலும் 58.2 சதவீதம். நிபுணர் ஊருக்கு வரவில்லை, நோயாளியும் நகரத்துக்குப் போகவில்லை.

வில்கமுவவுக்குத் தேவைப்படுவது இதைவிடச் சிறியது. அனுப்பப்பட்ட ஒவ்வொரு நோயாளியின் நோய் நிர்ணய அட்டையின் ஒரு பிரதி அனுப்பியவருக்குத் திரும்ப வேண்டும். பெயர் சொல்லி ஒதுக்கப்பட்ட ஒரு நிபுணரை இரவிலும் தொலைபேசியில் பிடிக்க முடிய வேண்டும். மாதம் ஒருமுறை, பிழைத்தவர்களையும் பிழைக்காதவர்களையும் பற்றி, பழி சுமத்தாத ஒரு பேச்சு நடக்க வேண்டும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் வைத்தியர்கள் பெருமளவில் நாட்டைவிட்டுப் போய்விட்டார்கள், இதற்கெல்லாம் நேரமேது என்று கேட்கப்படும். நிபுணர்கள் குறைந்துபோனதாலேயே, எஞ்சியிருப்பவர்களின் அறிவு அவர்கள் நிற்கும் விடுதிக்கு வெளியேயும் போய்ச் சேர வேண்டியிருக்கிறது. நேரம் கிடைக்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு: சத்திரசிகிச்சைக்கும் கிளினிக்குக்கும் கடமைப் பட்டியலில் இடமிருக்கிறது, இளைய வைத்தியரின் அழைப்புக்குப் பதில் சொல்லும் நேரம் உபகாரக் கணக்கில் கிடக்கிறது. அதைக் கடமையாக எழுதுவதற்குப் புதிய கட்டடமோ புதிய கருவியோ தேவையில்லை.