பட்டாளத்துக்குப் போய் வந்தவன்

போர்க்கதை என்றதும் குண்டும் புகையும்தான் நினைவுக்கு வரும். இன்று சொல்லப்போகும் நாவலோ, போர் முடிந்த பிறகுதான் சூடு பிடிக்கிறது. ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்', கலைமகள் நாவல் போட்டியில் பரிசு பெற்று 1959-இல் நூலாக வந்தது. சிங்காரம் சிங்கம்புணரிக்காரர். 1938-இல் பிழைப்புக்காகச் சுமத்ராவின் மேடானுக்குப் போய்க் கடையில் வேலை பார்த்தவர். வட்டிக்கடைப் பேச்சு அப்படியே காதில் விழுவது அதனால்தான்.

பினாங்கு வட்டிக்கடையில் வேலை பார்த்த செல்லையா, நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்கிறான். 1945-இல் ஜப்பான் சரணடைந்ததும் திரும்பி வருகிறான். முதலாளியின் மகள் மரகதத்தின் மேல் அவனுக்கு உயிர். முதலாளிக்கோ, துப்பாக்கி பிடித்தவன் கடைக்கும் ஆகமாட்டான், மருமகனாகவும் ஆகமாட்டான். கைகட்டி நிற்பவன்தான் தொழிலுக்குத் தேவை. அவரைக் கெட்டவர் என்று ஒதுக்கவும் முடியவில்லை, பாருங்கள்! அவர் கணக்கில் அது நியாயம். முடிவை நான் சொல்லமாட்டேன்.

ஈப்போவில் இருக்கும் நமக்கு இதில் என்ன என்கிறீர்களா? மலாயாவில் அந்தப் படையில் சேர்ந்தவர்களில் ஏராளமானோர் பால்மரம் வெட்டிய நம் தோட்டத்து ஆட்கள். ஜான்சி ராணிப் படையில் 16 வயதில் சேர்ந்து பர்மாவுக்குப் போன ராசம்மா பூபாலன், ஈப்போவில் பிறந்தவர். பின்னாளில் ஆசிரியராகி, ஆசிரியைகளின் சம ஊதியத்துக்குப் போராடினார். அவருக்குப் படிப்பு இருந்தது. லயத்துக்குத் திரும்பியவருக்கு? விடிந்தால் பெரட்டு, பிறகு அதே நிறை, அதே கத்தி. (பெரட்டும் பட்டாளத்துப் பரேடும் ஒரே சொல்தான்!) சயாம் ரயில் பாதைக்குப் போன அண்ணன் தம்பியோ பல வீடுகளில் திரும்பவே இல்லை.

ஆனாலும் எல்லோரும் பழையபடி தலைகுனிந்துவிடவில்லை. 1946-இல் கெடாத் தோட்டங்களில் தொண்டர் படை கிளம்பியது. அணிவகுப்பு, கள்ளுக்கடை மறியல் என்று துரைமார்களைத் தூங்கவிடவில்லை. அதில் பழைய ஐ.என்.ஏ. வீரர்களும் இருந்தார்கள். 1947-இல் போலீஸ் அதை அடக்கியது. வட்டிக்கடை முதலாளிக்கு இருந்த அதே பயம், துரைக்கும் இருந்திருக்கிறது!

சிங்காரத்தின் பெரிய நாவல் 'புயலிலே ஒரு தோணி' 1972-இல் வந்தது. பலரும் புகழ்வது அதைத்தான். இரண்டும் ஒரே தொகுதியாகவும் வந்திருக்கின்றன. நீங்கள் முதலில் சின்னதை எடுங்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம்.