இரண்டு கதவு காருக்கு யார் கையெழுத்துப் போடுவது?

தீபாவளி வாரத்தில் எந்தத் தோட்டத்து லயத்துக்குள் நுழைந்தாலும் கார்கள் வரிசையாக நிற்கும். மைவி, சாகா, அக்சியா, மறுபடியும் மைவி. அவற்றுக்கு நடுவே தாழ்ந்த கூரையும் இரண்டே கதவுகளும் கொண்ட ஒரு கார் வந்து நின்றுவிட்டால் போதும், சிறுவர்கள் அதைச் சுற்றிக்கொள்வார்கள். பாட்டி மட்டும் எட்ட நின்று, “இதுல பின்னால எப்படிய்யா ஏறுறது?” என்று கேட்பார்.

இந்தக் கூப்பே மோகத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே நம்மிடையே ஒரு பழைய பல்லவி தொடங்கிவிடும். சம்பாதிப்பதை எல்லாம் பையன்கள் காரிலும் அதன் புகைபோக்கியிலும் கொட்டுகிறார்கள் என்பதுதான் அது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால், எல்லோரும் ஓட்டும் காரையே தானும் ஓட்ட வேண்டுமா என்று இருபத்தைந்து வயதில் ஒருவர் நினைப்பதில் பெரிய குற்றம் எதுவும் இல்லை. பணம் எதில் போகிறது என்பதைவிட, அது யார் பெயரில் போகிறது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டியிருக்கிறது.

ஏனென்றால், சாதாரண வருமானம் உள்ளவர் புதிதாக வாங்கக்கூடிய ஸ்போர்ட்ஸ் கூப்பே இன்று மலேசியச் சந்தையில் இல்லை. ஒரு காலத்தில் இருந்தது. 1996இல் புரோட்டோன், தனது வீரா காரின் இரண்டு கதவு வடிவமாகப் புத்ராவை வெளியிட்டது. 1990களின் இறுதியில் சத்ரியா ஜிடிஐ வந்தது. இரண்டிலும் இருந்தது 1,834 சிசி கொண்ட மிட்சுபிஷி இயந்திரம். லோட்டஸ் நிறுவனம் செப்பனிட்ட ஜிடிஐ, வளைவுச் சாலைகளில் விலை உயர்ந்த கார்களுக்கே சவால் விட்டது. 2006இல் சத்ரியா நியோ வந்தது. கறாராகப் பார்த்தால் சத்ரியாக்கள் மூன்று கதவு ஹேட்ச்பேக் ரகம். ஆனால் தோட்டத்துப் பையனுக்கும் பட்டணத்துப் பையனுக்கும் எட்டும் விலையில் கூப்பேயின் இடத்தை நிரப்பியவை அவைதாம். நியோவின் தயாரிப்பு 2015இல் நின்றது. அதன் பிறகு தேசியக் கார் நிறுவனங்கள் எதுவும் இரண்டு கதவுப் பக்கம் திரும்பவில்லை.

மிஞ்சியவை இறக்குமதிக் கார்கள். நம் நாட்டில் கார்களுக்கான கலால் வரி மட்டுமே 60 முதல் 105 விழுக்காடு வரை போகிறது. அதனால் மற்ற நாடுகளில் ‘மலிவு விலை ஸ்போர்ட்ஸ் கார்’ என்று பெயர் வாங்கிய டொயோட்டா ஜிஆர்86, சுபாரு பிஆர்இசட் ஆகியவை இங்கே 2022இல் ஏறக்குறைய இரண்டரை லட்சம் முதல் மூன்று லட்சம் ரிங்கிட் வரையிலான விலையில் அறிமுகமாயின. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டரை லட்சம் ரிங்கிட் காருக்கு 10 விழுக்காடு முன்பணம் கட்டி, மீதியை ஆண்டுக்கு 3 விழுக்காடு நிலையான வட்டியில் ஒன்பது ஆண்டுக் கடனாக எடுத்தால், மாதத் தவணை 2,645 ரிங்கிட். கடந்த 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இடையில் ஒரே ஒரு முறை கதவு கொஞ்சம் திறந்தது. 2011 தொடக்கம் முதல் 2013 இறுதி வரை, 2,000 சிசிக்கு உட்பட்ட ஹைப்ரிட் கார்களுக்கு இறக்குமதி வரியும் கலால் வரியும் முழுமையாக விலக்கப்பட்டன. அந்தச் சலுகையில் உள்ளே வந்ததுதான் ஹோண்டா சிஆர்-சட். ஒரு லட்சத்துச் சொச்சம் ரிங்கிட்டுக்குப் புத்தம் புதிய ஸ்போர்ட்ஸ் கூப்பே. சலுகை முடிந்ததும் அந்த விலையும் போய்விட்டது. இன்று பழைய கார் கடைகளில் நிற்கும் சிஆர்-சட் கார்கள் பெரும்பாலும் அந்தக் காலத்துச் சரக்கு.

ஆக, ஆசை பழைய காரை நோக்கித்தான் போயாக வேண்டும். அங்கே விலை குறைவு. சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது. கடன் கொடுக்கும் வங்கி, காரின் வயதையும் கடன் காலத்தையும் கூட்டிப் பார்க்கிறது. வரம்பு வங்கிக்கு வங்கி மாறும். ஆனால் பத்துப் பன்னிரண்டு வயதான காருக்கு ஒன்பது ஆண்டுக் கடன் எங்கேயும் கிடைக்காது. கிடைத்தாலும் புதிய காரைவிட வட்டி அதிகம், காலம் குறைவு. 40,000 ரிங்கிட் காருக்கு 4,000 ரிங்கிட் முன்பணம் கட்டி, மீதி 36,000 ரிங்கிட்டை 5 விழுக்காடு நிலையான வட்டியில் ஐந்து ஆண்டுகளுக்கு எடுத்தால் மாதம் 750 ரிங்கிட். விற்பனையாளர் சொல்லும் 5 விழுக்காடு, முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி மாதம் வரை போடப்படும் கணக்கு. குறைந்துகொண்டே வரும் நிலுவையை வைத்துப் பார்த்தால் உண்மை வட்டி 9 விழுக்காட்டைத் தாண்டும்.

இந்த 750 ரிங்கிட்டைக் கட்டக்கூடிய பையன்கள் பலர் இருக்கிறார்கள். உணவு விநியோகம் செய்பவர், பட்டறையில் வேலை பார்ப்பவர், ஜொகூரிலிருந்து தினமும் எல்லை தாண்டிப் போய் வருபவர். அவர்களில் பலருக்கு வங்கி கேட்கும் சம்பளச் சீட்டும் சேமநிதிக் கணக்கும் சரியாக இருப்பதில்லை. முன்பணத்துக்கு வழி உண்டு. 2024 மே மாதம் முதல் ஊழியர் சேமநிதியில் எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய மூன்றாவது கணக்கு வந்துவிட்டது. அப்பாவின் அந்தக் கணக்கில் கொஞ்சம் இருக்கும். தடையாக நிற்பது கையெழுத்துதான். அப்போதுதான் வீட்டில் பேச்சு தொடங்குகிறது. “அம்மா, சும்மா பேருக்குத்தான். மாசா மாசம் நான் கட்டிடுவேன்.”

அந்தப் பையன் பொய் சொல்லவில்லை. மாதம் தவறாமல் கட்டக்கூடச் செய்யலாம். ஆனாலும் அம்மாவுக்கு ஒரு விலை உண்டு என்பதைக் கார் விற்பவர் யாரும் சொல்வதில்லை. மிகைநேர வேலையும் சேர்த்து மாதம் 2,500 ரிங்கிட் எடுக்கும் தொழிற்சாலை ஊழியர் ஒருவரின் பெயரில் இந்தக் கடன் இருந்தால், வங்கியின் கண்ணில் அவருடைய வருமானத்தில் 30 விழுக்காடு ஏற்கெனவே போய்விட்டது. பணத்தை உண்மையில் கட்டுவது மகன் என்பதை வங்கி கணக்கில் எடுத்துக்கொள்ளாது. பேங்க் நெகாராவின் சிசிரிஸ் பதிவில் நிலுவையில் உள்ள கடனும் கடந்த 12 மாதங்களில் தவணை கட்டிய விவரமும் அம்மாவின் பெயரில்தான் இருக்கும்.

தோட்டக் குடும்பங்களுக்கு இது சாதாரண விஷயம் அல்ல. லயத்து வீடு நிறுவனத்தின் சொத்து. வேலை முடியும் நாளில் வீடும் முடிகிறது. ஐம்பதைத் தொட்ட பெற்றோருக்கு வீட்டுக் கடன் எடுக்கக் கிடைக்கும் காலம் ஏற்கெனவே குறுகியது. மலிவு விலை வீடு ஒன்றுக்கு மனுப்போடும் நேரத்தில் 750 ரிங்கிட் கார் கடன் அவர்கள் பெயரில் நின்றால், வங்கி வீட்டுக் கடனைக் குறைக்கும் அல்லது மறுக்கும். அக்காவின் பெயரில் போட்டாலும் இதே கதைதான். தாதியாகவோ ஆசிரியையாகவோ சம்பளச் சீட்டு வைத்திருக்கும் அந்த ஒரு பெண்ணின் பெயரில்தான் குடும்பமே கடன் வாங்குகிறது. அவர் திருமணமாகிப் போய் வீடு வாங்க முயலும்போது தம்பியின் கூப்பே குறுக்கே நிற்கும். ஜாமீன் கையெழுத்தும் அப்படித்தான். கடன் எடுத்தவர் கட்டாவிட்டால் ஜாமீன்தாரர் கட்ட வேண்டும்.

தவணை தவறினால் நடப்பதும் தெரிந்திருக்க வேண்டும். 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி, தொடர்ந்து இரண்டு தவணை தவறினால் 21 நாள் அறிவிப்புக் கொடுத்துவிட்டு நிதி நிறுவனம் காரை இழுத்துச் செல்லலாம். காரின் ரொக்க விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டியிருந்தால், நீதிமன்ற உத்தரவு இல்லாமல் இழுக்க முடியாது. இழுத்த கார் ஏலத்தில் குறைந்த விலைக்குப் போனால், மீதிக் கடன் கையெழுத்துப் போட்டவரைத்தான் தொடரும். கார் போன பிறகும் கடன் இருக்கும் என்பதைப் பல குடும்பங்கள் வங்கிக் கடிதம் வந்த பிறகுதான் அறிகின்றன.

வங்கியும் வேண்டாம், அம்மாவும் வேண்டாம் என்று நினைப்பவர் போய் விழும் இடம் ‘சம்போங் பாயார்’. வேறொருவர் பெயரில் இருக்கும் காருக்குக் கொஞ்சம் முன்பணம் கொடுத்து, மீதித் தவணையைத் தொடர்ந்து கட்டும் ஏற்பாடு இது. கூப்பே ரகக் கார்கள் இந்த வழியில் அடிக்கடி கைமாறுகின்றன. தவணை கட்ட முடியாமல் திணறும் ஒருவரும் கடன் கிடைக்காத இன்னொருவரும் இதில் சந்தித்துக்கொள்கிறார்கள். பார்க்கப் போனால் இருவருக்கும் வசதிதான். ஆனால் கடன் முடியும் வரை காரின் சட்டப்படியான உரிமையாளர் நிதி நிறுவனம். அதன் சம்மதம் இல்லாமல் காரைக் கைமாற்றுவது குற்றம். அபராதமும் சிறையும் உண்டு. வாங்கியவர் நான்கு ஆண்டுகள் ஒழுங்காகக் கட்டினாலும் கெரானில் அவர் பெயர் வராது. பழைய ஆள் மனம் மாறினாலோ இறந்துபோனாலோ, கட்டியதற்குக் கையில் இருப்பது வங்கி ரசீதுகள் மட்டுமே. விற்றவரின் பாடும் சுகமில்லை. கார் எங்கோ வேக வரம்பை மீறினால் சம்மன் இவருக்கு வரும். வாங்கியவர் கட்டுவதை நிறுத்தினால் சிசிரிஸ் பதிவில் கெடுவது இவர் பெயர்.

எனவே கையில் உள்ள ரொக்கத்துக்கு எட்டும் காரைத் தன் பெயரிலேயே வாங்குவதுதான் எஞ்சும் வழி. அது பெரும்பாலும் வயதான புரோட்டோனாகத்தான் இருக்கும். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. நியோவின் கேம்புரோ இயந்திரம் ஜென்2, வாஜா, பெர்சோனா ஆகியவற்றிலும் ஓடியது என்பதால் உதிரிப் பாகம் எந்தச் சிறு பட்டணத்துக் கடையிலும் கிடைக்கும். கதவு, விளக்கு, பின்கண்ணாடி போன்ற உடற்பாகங்களுக்குத்தான் அலைய வேண்டும். புத்ராவுக்கும் பழைய சத்ரியாவுக்கும் வீராவின் பாகங்கள் பல பொருந்தும்.

ஜிடிஐ என்று வந்தால் எச்சரிக்கை தேவை. சாதாரண சத்ரியாவுக்கு ஜிடிஐயின் பம்பரும் இருக்கையும் மாட்டி விற்பது நெடுநாளாக நடக்கும் வியாபாரம். கெரானில் 1,834 சிசி என்று இருக்கிறதா, இயந்திர எண்ணும் அடிச்சட்ட எண்ணும் காரில் உள்ளவற்றோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. ஜப்பானிலிருந்து வந்த பாதி வெட்டு இயந்திரம் மாற்றப்பட்டிருந்தால், அந்த மாற்றம் ஜேபிஜேயில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவில்லாத இயந்திரத்தோடு வாங்கினால், பெயர் மாற்றும் நாளில் பரிசோதனையிலேயே கார் நின்றுவிடும்.

அந்தப் பரிசோதனையைப் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை உலவுகிறது. பெயர் மாற்றத்துக்கான பி5, கடனுக்கான பி7 ஆகிய புஸ்பாகோம் பரிசோதனைகளில் தேறிவிட்டது என்று விற்பவர் காகிதத்தை நீட்டுவார். எண்கள் திருத்தப்படவில்லை, இரண்டு காரை வெட்டி ஒட்டவில்லை என்பதற்கு அது ஆதாரம். கியர்பெட்டி அடுத்த மாதம் தாங்குமா என்பதற்கு அல்ல. சிஆர்-சட் காரில் ஹைப்ரிட் மின்கலத்தைத் தனியாகச் சோதிக்கச் சொல்ல வேண்டும். பத்து ஆண்டைக் கடந்த மின்கலம் செத்துப்போனால் மாற்றுவதற்குப் பல ஆயிரம் ரிங்கிட் ஆகும். குறைந்த விலைக்கு விளம்பரமாகும் சில சிஆர்-சட் கார்களின் ரகசியம் இதுதான்.

சாலை வரி பயமுறுத்தும் அளவில் இல்லை. தீபகற்பத்தில் தனிநபர் பெயரில் உள்ள 1.6 லிட்டர் காருக்கு ஆண்டுக்கு 90 ரிங்கிட். ஜிடிஐக்கு 297, முதல் தலைமுறை டொயோட்டா 86க்கு 379. காப்புறுதிதான் கடிக்கும். கோரிக்கை இல்லாத கழிவு 55 விழுக்காட்டை எட்ட ஐந்து ஆண்டுகள் ஆகும். முதல் முறை தன் பெயரில் எடுப்பவர் பூஜ்யத்தில் தொடங்குகிறார். பதினைந்து வயதைத் தாண்டிய கார்களுக்கு முழுக் காப்புறுதி கொடுக்கப் பல நிறுவனங்கள் தயங்குகின்றன. மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் எடுத்தால், மோதிய கூப்பேயைப் பழுதுபார்க்கும் செலவு முழுவதும் சொந்தப் பணம்.

வாங்கிய பிறகு ஏமாற்றம் தெரியவந்தால் போக ஓர் இடம் உண்டு. கார் வியாபாரியிடம் வாங்கியவர், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையைப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமலே தாக்கல் செய்யலாம். தனிநபரிடம் வாங்கியவருக்கும் சம்போங் பாயாரில் எடுத்தவருக்கும் அந்த வாசல் இல்லை. வியாபாரி வாயால் சொன்ன “ஒரிஜினல் ஜிடிஐ, மோதாத கார்” என்ற வார்த்தைகளை ரசீதிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்ல வேண்டும். மறுத்தால், அடுத்த கடைக்குப் போக இன்னும் நேரம் இருக்கிறது.