பாம்பன் கூண்டும் பாவ்லவ் மணியும்

"மீனவனுக்கு எத்தனை தடவை சொன்னாலும் புத்தி வராது. கூண்டு ஏத்தின பிறகும் கடலுக்குப் போறான் பாருங்க!"

மழைக்காலம் வந்தால் டீக்கடையிலிருந்து டிவி விவாதம் வரை இந்த வசனம் தவறாமல் வந்துவிடும். கேட்டாலே எரிச்சலாக இருக்கிறது. இது புத்திக் குறைவே இல்லை. எல்லோருடைய மூளையும் செய்கிற வேலைதான்.

ரஷ்ய விஞ்ஞானி பாவ்லவின் நாய்க்கதை தெரியும்தானே? ஒரு ஒலி, உடனே சாப்பாடு. பல தடவை இப்படிச் செய்தால் ஒலி கேட்டதுமே நாய்க்கு எச்சில் ஊறும். கிளாசிக்கல் கண்டிஷனிங் என்று சொல்லி நாம் இதோடு நிறுத்திவிடுகிறோம். மீதிக் கதைதான் முக்கியம். ஒலி மட்டும் வந்து, சாப்பாடு வராமலே போனால் எச்சில் கொஞ்சம் கொஞ்சமாக நின்றுவிடும்.

மீனவனை நாயோடு ஒப்பிடுகிறாயா என்று சண்டைக்கு வராதீர்கள். எவன் செல்போன் அடித்தாலும் தன் சட்டைப்பையைத் தடவுகிற நாமும் இதே கணக்கில்தான் வருகிறோம் :)

பாம்பன் துறைமுகத்தில் ஏற்றும் கூண்டு 1 முதல் 11 வரை. 1 என்றால் தூரத்தில் புயல் உருவாகலாம், அவ்வளவுதான். 10 என்றால் பெரும் அபாயம். ஆனால் ஊரில் காதில் விழுவது "கூண்டு ஏத்தியாச்சு" மட்டுமே. மறுநாள் பார்த்தால் சுள்ளென்று வெயில்! 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனது. பயணிகளோடு ரயிலே போனது. அதைப் பார்த்த தாத்தாவுக்குக் கூண்டு என்றால் குலை நடுங்கும். பேரன் பார்த்ததோ பெரும்பாலும் சாப்பாடு வராத மணியைத்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. நான் காமர்ஸ் மாணவன், கணக்குப் பார்க்காமல் இருக்க முடியாது. ராமேஸ்வரம் விசைப்படகுகள் கடலுக்குப் போவதே வாரத்தில் மூன்று நாள். கூண்டோடு தடையும் வந்தால் டோக்கன் கிடையாது. ஒரு நாள் போனால் வார வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு காலி. புயல் வருமோ வராதோ, நஷ்டம் தவறாமல் வருகிறது. அப்படியானால் அவன் மனதில் கூண்டு எதோடு ஒட்டிக்கொள்ளும்? புயலோடு அல்ல, எரியாத அடுப்போடு.

"உயிரை விடப் பணம் பெரிதா?" என்பீர்கள். மாதச் சம்பளக்காரர் கேட்க சுலபமான கேள்வி! மழை விடுமுறைக்கு அவர் சம்பளத்தில் பிடித்தமில்லையே.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்துக்கு அரசு நிவாரணம் தருகிறது. தொழிலை நிறுத்தச் சொன்னால் ஈடு தர வேண்டும் என்பதை ஒப்புக்கொண்டாயிற்று. மழைக்காலத்துக்கும் ஒரு தொகை உண்டு. ஆனால் அது கூண்டோடு சேர்ந்து வருவதில்லை. மணி இன்றைக்கு, சாப்பாடு என்றைக்கோ என்றால் பாவ்லவின் நாய்கூட எதையும் கற்றிருக்காது. தடை போடும் அன்றைக்கே அன்றைய கூலி கணக்கில் ஏறட்டும். கூண்டின் எண் என்ன, அர்த்தம் என்ன, ஏன் இறக்கினார்கள் என்பதை ஒவ்வொரு தடவையும் ஊருக்குச் சொல்லட்டும்.

இதைச் செய்துவிட்டு, அப்புறமும் அவன் கேட்கவில்லையென்றால் திட்டுங்கள். அதுவரை கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு இருக்கலாம்.