கொல்லையில் முளைத்தது கேரட் செடியா?

மழை விட்ட சில வாரங்களில், நீங்கள் விதைக்காத செடி ஒன்று வீட்டின் பின்புறம் கேரட் இலைபோலத் தழைத்து நிற்கிறதா? அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதிகளில் அது பார்த்தீனியமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இளஞ்செடியின் இலைகள் தரையோடு வட்டமாகப் படிந்திருக்கும். பிறகு நடுத்தண்டு எழும்பிக் கிளைவிடும். தண்டில் நீளவாக்கில் வரிகள் தெரியும். உச்சியில் சிறு வெள்ளைப் பூக்கள் கொத்தாக வரும்.

அமெரிக்கக் கண்டத்துச் செடியான இது, 1950-களில் புணேவில் பரவத் தொடங்கியது கவனிக்கப்பட்டது. இறக்குமதி கோதுமையோடு வந்ததாகக் கருதப்படுகிறது. இதைத் தொட்டால் சிலருக்குத் தோல் அரிப்பு வரும். மகரந்தத்தால் மூச்சிரைப்பும் வரலாம். மாடு மேய்ந்தால் பால் கசக்கும்.

உங்கள் கொல்லையை மட்டும் சுத்தம் செய்தால் போதுமா? போதாது. ஒரு செடி பல்லாயிரம் விதைகளை உதிர்க்கும். வயல்கள் மனைகளாகி, வீடு கட்டாமல் கிடக்கும் இடங்களே இதற்கு நாற்றங்கால். அங்கிருந்து காற்று, மழைநீர், வண்டிச் சக்கரம், நிரப்பும் மண், எரு எனப் பல வழிகளில் விதை வருகிறது. அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது, ஆவடி 2019-ல் தனி மாநகராட்சியானது, பூந்தமல்லி நகராட்சி. இந்த எல்லைகள் விதைக்குத் தெரியாது.

செய்ய வேண்டியவை:

* பூக்கும் முன், மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு பிடுங்குங்கள். வெட்டிவிட்டால் மீண்டும் துளிர்க்கும். கையுறை, முகக்கவசம் அவசியம்.
* பூக்காத செடியை மட்டும் மக்க வையுங்கள். பூத்ததை எருக்குழியில் போடாமல் தனியே ஆழமாகப் புதையுங்கள்.
* லிட்டருக்கு 200 கிராம் சமையல் உப்புக் கரைசலை நடைபாதை, சுவர் ஓரங்களில் தெளிக்கலாம். தோட்டத்தில் வேண்டாம், மண் கெடும்.
* இலையைத் தின்னும் மெக்சிகோ வண்டு 1984-ல் பெங்களூருவில் விடப்பட்டது. செடியில் அதைக் கண்டால் மருந்து அடிக்காதீர்கள்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு வார்த்தை. பார்த்தீனிய விழிப்புணர்வு வாரம் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16 முதல் 22 வரை நடக்கிறது. நமக்குப் பெருமழை அக்டோபரில்தான் தொடங்குகிறது. எனவே ஆகஸ்டோடு நிறுத்தாமல், நவம்பரில் மழை ஓயும் இடைவெளியில் மறுபடி ஒருமுறை தெருவைத் திரட்டுங்கள். பக்கத்துக் காலி மனையில் பூப்பதற்குள் பிடுங்கினால்தான் உங்கள் கொல்லை தப்பும்.