முன்னோடி எண்டு சொல்லிப் புதைக்காதீங்க

ஒரு பாட்டைக் கேக்காமல் விடுறதுக்கு மரியாதையான வழி ஒண்டு இருக்கு. அதை ‘முன்னோடி’ எண்டு சொல்லிவிடுறது. சொன்ன கையோட வேலை முடிஞ்சுது. படத்துக்கு மாலை போட்டாச்சு, இனி அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை.

ஃபேட்ஸ் வோர்ணிங் குழுவின் ‘எபிற்றாஃப்’ என்ற பாடலுக்கு நடந்திருப்பது இதுதான். 1985இல் வெளிவந்த ‘த ஸ்பெக்டர் விதின்’ அல்பத்தின் ஏழாவது பாடல், கடைசிப் பாடலும் அதுதான். கிட்டத்தட்ட 12 நிமிடம் ஓடும். புரோகிரசிவ் மெற்றலின் வரலாறு எழுதுகிற எவரும் இந்தக் குழுவின் பெயரைச் சொல்லாமல் விடுவதில்லை. சொல்லிப்போட்டு அடுத்த வசனத்திலேயே ட்ரீம் தியேற்றருக்குத் தாவிவிடுவார்கள். ‘இவங்கள் பாதை போட்டாங்கள், அவங்கள் அதில நடந்தாங்கள்.’ அவ்வளவுதான் விமர்சனம். எபிற்றாஃப் எண்டால் கல்லறையில பொறிக்கிற வாசகம். பேருக்கேத்த மாதிரி அந்தப் பாட்டுக்கு ஒரு கல்லையும் நட்டுவிட்டார்கள். அந்தக் கல்லைப் பிடுங்கத்தான் நாங்கள் இதை எழுதுறம்.

மெற்றல் கேட்டுப் பழக்கமில்லாத ஆக்களுக்குச் சுருக்கமாச் சொல்றதெண்டால், 70களில் யெஸ், ஜெனசிஸ், கிங் கிறிம்சன், ரஷ் போன்ற குழுக்கள் றொக் இசையை நீளமாக்கின. பல்லவி, சரணம், திரும்பப் பல்லவி என்ற சட்டத்தை உடைச்சு, ஒரு பாட்டுக்குள்ளேயே பல அறைகள் கட்டின. அந்தக் கட்டட வேலையை ஹெவி மெற்றலின் பாரத்தோட செய்தால் அதுதான் புரோகிரசிவ் மெற்றல். இதை ஆர் முதல் செய்தது எண்ட சண்டைக்கு நாங்கள் வரேல்ல. குவீன்ஸ்ரைக் 1984இலேயே ‘த வோர்ணிங்’ அல்பத்தை ‘றோட்ஸ் ரு மட்னஸ்’ என்ற நீண்ட பாட்டோட முடிச்சிருக்கு. வோச்ரவரின் முதல் அல்பம் 1985. ‘முதல்’ எண்ட பட்டத்தை யாரும் எடுத்துக்கொண்டு போகலாம். எங்களுக்கு அது தேவையில்லை.

கலைப்பீடத்தில படிக்கிற எங்களுக்கு இந்தப் பட்டம் குடுக்கிற வேலை நல்லாப் பழகினது. ‘ஈழத்தின் முதல் தமிழ் நாவல், அசன்பேயுடைய கதை, 1885’ எண்டு எழுதினால் புள்ளி விழும். வாசிச்சியா எண்டு ஆரும் கேக்கமாட்டினம். முதல் எண்டு தெரிஞ்சால் போதும், எப்பிடி எண்டு தெரியத் தேவையில்லை. இசை ரசிகர்களும் அதே பரீட்சையைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, ஆண்டுகளை ஒருக்கா வரிசையா வைச்சுப் பார்ப்பம். ஃபேட்ஸ் வோர்ணிங் அமெரிக்காவின் கனெற்றிக்கட் மாநிலத்தில், ஹார்ட்ஃபோர்டில் தொடங்கிய குழு. முதல் பெயர் மிஸ்ஃபிற். 1984இல் முதல் அல்பம், மெற்றல் பிளேட் என்ற சின்னச் சுயாதீன நிறுவனத்தின் ஊடாக. அந்த அல்பத்தைக் கேட்டால் ஐயர்ன் மெய்டனை விழுந்து விழுந்து கேட்ட பொடியள் எண்டது முதல் நிமிசத்திலேயே விளங்கிவிடும். அடுத்த வருசமே ‘த ஸ்பெக்டர் விதின்’. அதே 1985இல்தான் பொஸ்ரனின் பேர்க்லி இசைக் கல்லூரியில் மூண்டு மாணவர்கள் சேர்ந்து மெஜெஸ்ரி எண்டு ஒரு குழுவைத் தொடங்குகிறார்கள். அதுதான் பிறகு ட்ரீம் தியேற்றர். அவர்களின் முதல் அல்பம் 1989, உலகம் திரும்பிப் பார்த்த ‘இமேஜஸ் அன்ட் வேர்ட்ஸ்’ 1992. அதாவது ‘எபிற்றாஃப்’ பதிவாகேக்க, அது ஆருக்கு முன்னோடியாம் எண்டு சொல்லுகினமோ அந்த ஆக்களிட்ட ஒரு அல்பம்கூட இல்லை. தனக்குப் பின்னால ஆர் வருவினம் எண்டு தெரிஞ்சு ஒருத்தரும் பாட்டுக் கட்டுறேல்ல. அந்த ஐந்து பேரும் தங்களுக்கு அப்ப கேட்ட ஒண்டைத்தான் வாசித்தார்கள்.

அவையளுக்குக் கேட்டது என்ன? இதை ஒரு ஒப்பீட்டோட சொல்லலாம்.

1984இல் ஐயர்ன் மெய்டன் கோல்ரிட்ஜின் கவிதையை வைத்து ‘ரைம் ஒஃப் தி ஏன்ஷியன்ற் மரினர்’ பாடலைச் செய்தது. 13 நிமிடத்துக்கு மேல். அருமையான பாட்டு, அதைக் குறைச்சுச் சொல்ல நாங்கள் ஆர்? ஆனால் அது ஒரு பயணம். கப்பல் போகுது, நடுவில காத்து விழுந்து எல்லாம் அடங்குது, பிறகு தொடங்கின தாளத்துக்கே திரும்பி வந்து கரை சேருது. எவ்வளவு நீளமெண்டாலும் நீங்கள் தொலைஞ்சுபோகமாட்டீங்கள், கதை உங்களைக் கையில பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போகும். ‘எபிற்றாஃப்’ கையைப் பிடிக்காது. சாவைப் பற்றின பாட்டு அது. சாவுக்குப் பக்கத்தில நிக்கிற ஒருத்தற்றை மனம் எப்பிடி ஒரு இடத்தில நிக்காமல் அலையுமோ அப்பிடி அலையுது. மெதுவான, பாரமான கிற்றார். அது விலகி வெறும் தந்தியொலி மட்டும் மிஞ்சுது. திரும்பப் பாரம். ஆனால் திரும்பி வரேக்க அது பழைய பாரம் இல்லை. 12 நிமிடத்தில ஒருக்காக்கூட ‘ஆ, இதுதான் பல்லவி, சேர்ந்து பாடுவம்’ எண்டு இருக்க விடாது.

அதுக்கு மேல ஜோன் ஆர்ச்சின் குரல். இந்தப் பாட்டை ஆக்கள் பாதியில நிப்பாட்டுறதுக்கு முதல் காரணமும் அதுதான், நாங்கள் இதை விடாமல் கேக்கிறதுக்கு முதல் காரணமும் அதுதான்.

மெற்றலில் வழக்கமா என்ன நடக்குமெண்டால், கிற்றார் ஒரு துண்டை வாசிக்கும், பாடகர் அதுக்கு மேல ஏறி இருப்பார். கிற்றார் எங்க முடிக்குதோ வரியும் அங்க முடியும். ஆர்ச் அப்பிடி இருக்கமாட்டார். கிற்றார் முடிச்ச பிறகும் அவற்றை வரி முடியாது, அடுத்த சுற்றுக்குள்ள வழிஞ்சு போகும். மூக்கோட சேர்ந்த உச்சக் குரல். தன்ர குரலையே பல அடுக்காப் பதிஞ்சு, தனக்குத் தானே பின்பாட்டுப் பாடுவார். கேக்கேக்க கீழ ஒரு பாட்டு, மேல இன்னொரு பாட்டு ஓடுற மாதிரி இருக்கும். கிற்றார்கள் ஜிம் மத்தியோசும் விக்டர் அர்டுயினியும், பேஸ் ஜோ டிபியாசே, ட்ரம்ஸ் ஸ்டீவ் ஸிம்மர்மன். இந்த நாலு பேரும் கீழ கல்லு அடுக்கிக்கொண்டு போக, ஆர்ச் மேல நிண்டு அந்தக் கட்டடத்தின்ர திட்டத்தையே மாத்திக்கொண்டிருப்பார். இதைவிடப் ‘புரோகிரசிவ்’ எண்டு சொல்ல வேற என்ன வேணும்?

ஆனால் ரசிகர்கள் எண்டு சொல்லிக்கொள்கிற கொஞ்சப்பேர் தேடுறது வேற. அவைக்குக் கணக்கு வேணும். இந்த இடத்தில ஏழு எண்ணிக்கை, அந்த இடத்தில பதினொண்டு, இன்ன நிமிசத்தில தாளம் மாறுது எண்டு விரல் மடிச்சு எண்ணிச் சொன்னால்தான் அது ‘முன்னேறின’ இசை. அந்த அளவுகோலால அளந்தால் ‘எபிற்றாஃப்’ பின்னுக்குத்தான் நிக்கும். 1989இல் வோச்ரவர் செய்த ‘கொன்ட்ரோல் அன்ட் ரெசிஸ்ரன்ஸ்’ இதைவிட எத்தனையோ மடங்கு சிக்கல். அதுக்கென்ன? வாசிக்கக் கஷ்டமான பாட்டு எண்டால் நல்ல பாட்டு எண்டு ஆர் சொன்னது? கஷ்டத்தை மெச்சுறது சர்க்கஸ் பார்க்கிற மனநிலை. கயிற்றில நடக்கிறவர் விழேல்ல எண்டு கைதட்டிப்போட்டு வீட்டை போகலாம். சாவைப் பற்றின ஒரு பாட்டுக்கு முன்னால அப்பிடிக் கைதட்ட ஏலாது.

இன்னொரு முறைப்பாடு, ஒலிப்பதிவு மெலிஞ்சது எண்டு. உண்மை, மெலிஞ்சதுதான். பெரிய காசு இல்லாத நிறுவனத்துக்காக 1985இல் செய்த பதிவு. இப்ப வாற மெற்றல் அல்பங்களில ட்ரம்ஸ் நெஞ்சில இடிக்கிற மாதிரி இதில இடிக்காது. ஆனால் அந்த இடியைப் பழகின காதுக்கு மெலிவு முழுக்கக் குறையாத்தான் தெரியும். குரலடுக்குகளும் ரெண்டு கிற்றார்களும் தனித்தனியா மிதக்கிறதுக்கு அந்த வெறுமைதான் இடம் குடுக்குது எண்டது எங்கட கருத்து. இதில எங்களோட சண்டை பிடிக்கலாம், பிழையில்லை. குறைஞ்சது அது பாட்டைப் பற்றின சண்டையா இருக்கும்.

எங்களுக்குப் பொறுக்கேலாத ஆக்கள் இவையும் இல்லை. ‘அண்டர்ரேற்றட்’ எண்ட சொல்லைக் காவிக்கொண்டு திரியிற ஆக்கள். அவைக்கு இந்தப் பாட்டு தெரியும், நல்லாவே தெரியும். ஆனால் மற்ற ஆக்களுக்குத் தெரியாமல் இருக்கிறதுதான் அவைக்குச் சந்தோசம். உங்களுக்குத் தெரியாத ஒண்டு எனக்குத் தெரியும் எண்ட அந்தச் சின்ன உயரத்தில ஏறி நிண்டுகொண்டு, புதுசா வாற ஆக்களை, அதுவும் பெண் பிள்ளையள் எண்டால் இரட்டிப்பா, பரீட்சை வைச்சுத் துரத்துறது. ‘அப்ப இந்தக் குழுவின்ர மூண்டு அல்பம் சொல்லு பாப்பம்?’ பாட்டை ஆரும் கவனிக்கேல்ல எண்டு அழுறதும் இவைதான், கவனிக்க வாறவையை வாசல்ல மறிக்கிறதும் இவைதான். ஒரு பாட்டு அரிதா இருக்கிறதால அதின்ர பெறுமதி கூடாது. மாணிக்கக் கல்லு வியாபாரத்துக்கு அந்தக் கணக்குச் சரி. பாட்டுக்குச் சரிவராது.

பிறகு என்ன நடந்தது எண்டதையும் சொல்லவேணும். ஏனெண்டால் ‘முன்னோடி’க் கதைக்கு அதுதான் வசதியா இருக்கு. 1986இல் ‘அவேக்கன் த கார்டியன்’ வந்தது. பில்போர்ட் 200 பட்டியலின் வால் பக்கத்தில நுழைந்த அந்த அல்பம்தான் ஆர்ச் காலத்தின் உச்சம் எண்டு எல்லாரும் சொல்லுகினம். 1987இல் ஆர்ச் விலகினார், றே ஆல்டர் வந்தார், குழு வேற திசையில, கொஞ்சம் இறுக்கமான இசைக்குப் போனது. ஆர்ச் பல வருசம் பதிவே செய்யவில்லை. ‘முன்னோடிகள் இப்பிடித்தான், பாதையைப் போட்டுட்டு மறைஞ்சுபோவினம்’ எண்டு இந்த இடத்தில கண்ணீரோட கதையை முடிச்சால் எவ்வளவு வடிவா இருக்கும்! ஆனால் ஆள் மறையேல்ல. 2003இல் ரெண்டே ரெண்டு நீண்ட பாடல்களோட ‘எ ட்விஸ்ற் ஒஃப் ஃபேற்’ என்ற சிறு இறுவட்டு. கிற்றார் அதே மத்தியோஸ். ட்ரம்ஸ் ஆர் தெரியுமா? ட்ரீம் தியேற்றரின் மைக் போர்ட்னோய். 2011இல் ஆர்ச்/மத்தியோஸ் எண்ட பெயரில் ‘சிம்பதெற்றிக் றெசொனன்ஸ்’, 2019இல் ‘விண்டர் ஈதீரியல்’. நடுவில 2016இல் பழைய ஆக்கள் மேடையேறி ‘அவேக்கன் த கார்டியன்’ அல்பத்தை முழுசா வாசித்தார்கள், ஜேர்மனியிலும் அற்லாண்டாவிலும்.

போர்ட்னோய் ஃபேட்ஸ் வோர்ணிங்கின் பாதிப்பைப் பலமுறை வாய்விட்டுச் சொன்ன ஆள். அவர் ஆர்ச்சுக்கு மாலை போட்டுக்கொண்டு நிக்கேல்ல. பக்கத்தில இருந்து வாசிச்சார். சீடர் எண்டு ஊர் சொல்லுற ஆளுக்கே குருவைப் படமாக்கிச் சுவரில மாட்டத் தோணேல்ல. எழுதுற ஆக்களுக்கு மட்டும் ஏன் அந்த அவசரம்?

கேக்கிறதெண்டால் பட்டியலில போட்டு மற்றப் பாட்டுகளுக்கு நடுவில கேக்காதீங்க, முன்னுக்குப் பின்னுக்கு வாற நாலு நிமிசப் பாட்டுகள் இதைக் கொண்டுபோடும். அல்பத்தை ‘ட்ரவலர் இன் ரைம்’ இலிருந்து தொடங்கி வரிசையாக் கேளுங்க. ஆர்ச்சின் குரலுக்குக் காது பழக ஆறு பாட்டு இருக்கு, பிறகுதான் ஏழாவது. அதுக்குப் பிறகும் அந்தக் குரல் எரிச்சலா இருந்தால் எரிச்சல் எண்டு எழுதுங்க. எந்த இடத்தில, ஏன் எண்டு எழுதுங்க, நாங்கள் பதில் எழுதத் தயார். ‘வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த படைப்பு’ எண்டு மட்டும் எழுதாதீங்க.